கத்தி வந்தால் குடை போகும்

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். டீச்சர் வேலைக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவை காயவில்லை. பாதி ஈரத்தோடேயே பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பு பூகோளத் தாள் இன்னும் ஒரு கட்டு பாக்கி.

கல்யாணச் செய்தி பரவிவிட்டது. நான் டீச்சர்கள் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. தையல் டீச்சர் எழுந்து நின்று, "வாங்க மகாராணி, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். காலொடிந்த நாற்காலி.

இன்று காதில் விழுந்தவை:
— வளைச்சுப் போட்டுட்டா.
— அமுக்கமா இருந்து அரண்மனையையே பிடிச்சுட்டா பாரு.
— இந்த மூஞ்சியில என்னத்தக் கண்டு மயங்குனானோ.
— பார்சல் கிளார்க் மகளுக்கு வந்த வாழ்வு.

மாப்பிள்ளை வே.யைப் பற்றி விழுந்தது: பெரிய மனசு. அவ்வளவுதான். அவருக்குப் பெரிய மனசு, எனக்கு நீளக் கை. பெண் கேட்டுத் திரும்பத் திரும்ப வந்தது அவர். யோசித்துச் சொல்கிறேன் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தது நான். யார் யாரை வளைத்தது என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டால் சொல்லலாம்.

அரண்மனையாம். ஜமீன் ஒழிந்து வருஷங்கள் ஆயிற்று. பழனிக்கு அந்தப் பக்கம், மழை பெய்தால் தர்பார் ஹாலில் அண்டா வைக்கிற வீடு. வே.யே சொன்னது. அவருக்கு விவசாய இலாகாவில் உத்தியோகம், ஊர் ஊராகப் போய் ஜப்பான் முறை நடவு சொல்லிக்கொடுப்பது. சம்பளம் என்னுடையதைவிடக் குறைவு. இதைத் தையல் டீச்சரிடம் சொல்லவேண்டும் என்று நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டேன்.

நவம்பர் 6, புதன்

வெயில். புடவைகள் காய்ந்தன. அம்மா வடகம் போட்டு, மறுபடி மழை வந்து, ஓட்டமாய் ஓடி எடுத்தோம்.

பள்ளிக்கூடத்துக்கு வாரப் பத்திரிகை வந்தது. எந்த நாட்டு இளவரசரோ ஒரு நடிகையைக் கல்யாணம் செய்துகொண்டாராம். படத்துக்குக் கீழே "அதிர்ஷ்டக்காரி". ரோ. (சரித்திர டீச்சர் ரோசம்மாள், இங்கே எனக்கிருக்கும் ஒரே சிநேகிதி) அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டி சரசு, அவன் அதிர்ஷ்டக்காரன்னு ஒருத்தனும் எழுத மாட்டானா? அவ எம்புட்டு அழகா இருக்கா. அவனப் பாரு, ஊறப்போட்ட அப்பளம் மாதிரி."

வே. அப்பளம் இல்லை. சுமாராக இருப்பார். போன வருஷம் இதே மழைக்காலத்தில் மோட்டார் பம்பு சாமான் எடுக்க அப்பாவின் பார்சல் ஆபீசுக்கு வந்தவர். நனையாமல் போகட்டும் என்று அப்பா என்னைக் கேட்காமலே என் குடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசியில்தான் திரும்பி வந்தது. ஆனால் ஒடிந்திருந்த கம்பி மாற்றி, பிடி கழன்றிருந்ததை ஒட்டி. குடையை வாங்கினவர்கள் திருப்பித் தருவதே அபூர்வம். ரிப்பேர் செய்து தந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

நவம்பர் 9, சனி

அரண்மனைக் காரியஸ்தர் வந்தார். தலைப்பாகை, கம்பிக்கரை வேட்டி, ரொம்ப மரியாதை. அம்மா பூந்தி, காராசேவு, காப்பி. அவர் பூந்தியை மட்டும் தின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க சார், அரண்மனை வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. சமமான எடத்துல பொண்ணு எடுத்தா மாப்பிள்ளை நேர்ல வருவாருங்க. மத்த எடத்துக்குக் கத்திதானுங்க வரும்."

"என்ன கத்தி?" அப்பா.

"அரண்மனைக் கத்திங்க. பட்டுல சுத்தி மணையில வெச்சு, பக்கத்துல பொண்ண உக்கார வெச்சு, சின்னவரோட அக்கா தாலி கட்டுவாங்க. சாயங்கால வண்டிக்குப் பொண்ண அழைச்சுட்டுப் போயிருவோமுங்க."

"மாப்பிள்ளை அப்ப எங்க இருப்பாக?" அம்மா.

"அரண்மனையிலதானுங்க இருப்பாரு. பெரியம்மா சொல்லிட்டாங்கன்னா அதுக்கு மேல பேச்சில்லீங்க."

பெரியம்மா என்றால் வே.யின் அம்மா. முகூர்த்தம் 22, வெள்ளி. சொல்லிவிட்டு மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அப்பா ரயில்வே டயம்டேபிளை எடுத்து வைத்துக்கொண்டார். கோபம் வந்தால் அதைத்தான் படிப்பார். அம்மா என்னிடம், "கத்திக்குத்தானடி கழுத்த நீட்டச் சொல்றாக. புலிக்கா நீட்டச் சொல்றாக?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. "சிரிக்காத. வேணாமுன்னு சொன்னா கல்யாணம் நின்னுபோகும். நின்னுபோனா நான் குழாயடிக்குப் போயி தண்ணி பிடிக்க முடியுமா?"

நின்றுபோனால் எனக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். குழாயடி பெரிதாகப் படவில்லை. வே. வராத ஞாயிற்றுக்கிழமைகள்தான் பெரிதாகப் பட்டன.

நவம்பர் 10, ஞாயிறு

வே. வந்தார். நாங்கள் பேச அனுமதிக்கப்பட்ட இடம் ஸ்டேஷன் பெஞ்சு, பார்சல் ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் எதிரே. உள்ளே அப்பா. சுற்றிலும் ஒட்டன்சத்திரத்துத் தக்காளிக் கூடைகள்.

"கத்தி விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க டீச்சர்."

"சரின்னு படுதா?"

"சரியில்லதானுங்க. ஆனா அம்மாகிட்ட எப்படிங்க சொல்றது? ஒரே ஒரு நாளுங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"என் கல்யாணத்துல நான் எதுக்குக் கண்ண மூடிக்கிட்டு இருக்கணும்?"

செருப்பு நுனியால் தரையில் கோடு போட்டார். நான் விடவில்லை. "ஊரையே கூட்டி வச்சு நாத்து நடுறது எப்படின்னு பேசுறீங்க. ஒரு அம்மாகிட்டப் பேச வாய் வரலையா?"

"ஊருக்காரங்க என்னைப் பெத்தவங்க இல்லீங்களே."

பழனி வண்டி வந்துவிட்டது. ஏறினார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. பொய். பார்த்தேன்.

எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. அதுதான் வம்பு. பிடிக்காமல் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பூகோளத் தாள் திருத்தப் போயிருப்பேன். மணையில் எனக்குப் பக்கத்தில் இவர் உட்கார வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, அண்டா வைத்த தர்பார் ஹாலும் கேட்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

கனமழை. பள்ளிக்கூடம் பாதி நாள். தலைவலித் தைலம் வாங்க மறந்தேன்.

ரோ.விடம் எல்லாம் சொன்னேன். சரித்திரத்தில் கத்திக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர் என்றாள். பிறகு, "நல்லதா ஒண்ணு பாரு. குறட்டை விடாது. வெஞ்சனத்துல உப்பு இல்லைன்னு சொல்லாது. காய் நறுக்கவும் ஆகும்" என்றாள். "சீமந்தத்துக்கும் கத்திதான் வருமா?" என்று கேட்டேன். இருவருக்கும் புரையேறும் அளவு சிரிப்பு.

தையல் டீச்சர் சிரிக்கவில்லை. "கத்தியோ கட்டையோ, கிடைக்கிறதே பெருசு. கும்புட்டு வாங்கிக்கிட்டுப் போவியா. நேர்ல வரச் சொல்றதுக்கு நீ என்ன சேதுபதி வீட்டுப் பொண்ணா?"

சாயங்காலம் கிளம்பும்போது மூலையில் சாத்தியிருந்த குடைகளில் என்னுடையதைத் தேடினேன். எல்லாம் கறுப்பு. அவர் ஒட்டிய பிடியைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 14, வியாழன்

காரியஸ்தர் முகூர்த்தப் புடவையோடு வந்தார். அரக்கு நிறம், நல்ல ஜரிகை. குறை சொல்ல முடியவில்லை.

தட்டு மாற்றும் சமயம் நான் உள்ளேயிருந்து என் குடையைக் கொண்டுவந்தேன். பட்டு ரவிக்கைத் துணியில் சுற்றி, பிடிக்குக் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகைப்பூ சுற்றி.

"இது என்னங்கம்மா?"

"பொண்ணு."

காரியஸ்தர் அப்பாவைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை வர முடியாததால அங்கேயிருந்து கத்தி வருது. எனக்கும் அன்னைக்கு ஆறாம் வகுப்புப் பாடம் இருக்கு, அதனால இங்கேயிருந்து குடை வருது. ரெண்டையும் மணையில வச்சு நல்லபடியா முடிச்சுவைங்க. நானும் சின்னவரும் வேலைக்குப் போயிட்டு வந்து விசாரிச்சுக்கிறோம்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா எழுந்தார். டயம்டேபிள் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆபீஸ் பையிலிருந்து பார்சல் சீட்டும் சணல் கயிறும் எடுத்துவந்தார். பேனாவைத் திறந்து, ஸ்டேஷனில் எழுதுகிற அதே எழுத்தில் எழுதினார்: மணப்பெண். உருப்படி ஒன்று. ஜாக்கிரதையாகக் கையாளவும். குடையின் கழுத்தில் கட்டினார்.

"ஏனுங்க சார், நீங்களுமா" என்றார் காரியஸ்தர்.

"பத்திரமாக் கொண்டுபோயி பெரியம்மா கையில சேத்துருங்க" என்றார் அப்பா. அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இன்னொரு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 16, சனி

அம்மா என்னோடு பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. நானும் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 18, திங்கள்

மழை. குடை இல்லை. முழுக்க நனைந்து, தும்மலோடு பாடம்.

புதிதாகக் காதில் விழுந்தவை:
— திமிர் பிடிச்சவ.
— படிச்ச கொழுப்பு.
— ராணி ஆகுறதுக்கு முன்னாலயே ராணி.
— கைக்கு வந்த வாழ்வை எட்டி உதைச்சவ.

வே.யைப் பற்றி: பாவம்.

இரண்டு வாரம் முன்பு பிடித்துக்கொண்டேன் என்று திட்டிய அதே வாய், இந்த வாரம் விட்டுவிட்டேன் என்று திட்டுகிறது. பெண் அரண்மனைக்குள் போனாலும் குற்றம், வாசலில் நின்றாலும் குற்றம். வே.க்கு மட்டும் எப்படியும் நல்ல பெயர்.

அரண்மனையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஞாயிறு வே. வரவில்லை. பெஞ்சில் தக்காளிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். பயமாக இருக்கிறது. பயந்தாலும் குடையை அனுப்பியிருக்கக் கூடாது என்று தோன்றவில்லை. அதை மட்டும் பலமுறை கேட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பந்தல்காரர் வந்து, போடவா வேண்டாமா என்றார். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா: "போடுய்யா. மழைக்காவது ஆகும்."

நவம்பர் 20, புதன்

சாயங்காலம் ஸ்டேஷன் போர்ட்டர் வந்து சொன்னார்: "ஒங்க பேருக்குப் பார்சல் வந்திருக்காம்மா. நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு அய்யா சொன்னாக."

குடை திரும்பி வந்துவிட்டது. முடிந்தது கல்யாணம். அப்படித்தான் நினைத்தேன். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மழையிலேயே போனேன். அழக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அழுதிருந்தாலும் அந்த மழையில் தெரிந்திருக்காது.

பார்சல் ஆபீசில் என் குடை, சுவரில் சாத்தி. சீட்டு அப்படியே தொங்குகிறது, மை கரைந்து. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பார்சலில் வந்த குடை எப்படி நனையும் என்று திரும்பினேன். வெங்காய மூட்டை மேல் வே. உட்கார்ந்திருந்தார்.

அவர் சொன்னது, முடிந்தவரை அப்படியே:

"ஞாயித்துக்கெழமை ஹாலுல ஸ்டூல் போட்டுக் குடைய வெச்சாங்க. எல்லாரும் ஒரே சிரிப்புங்க. தூக்கி வெளிய போடுன்னு சித்தப்பா சொன்னாரு. நான் எடுத்து மடியில வெச்சுட்டு உக்காந்துட்டேனுங்க. மணைக்குக் கத்தி போனா இந்தக் குடையும்தான் போகும், நான் போனா டீச்சர் வருவாங்கன்னு சொல்லிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டாங்க, எந்திரிக்கலீங்க."

"அம்மா?"

"ரெண்டு நாள் கழிச்சு வந்து குடைய வாங்கி விரிச்சுப் பாத்தாங்க. அவுங்களும் கத்திக்குக் கட்டிட்டு வந்தவங்கதானுங்களாம். எனக்கே இப்பத்தான் தெரியும். 'உங்கப்பா மொகத்த மூணாம் நாள்தான்டா பாத்தேன். எனக்கு அன்னிக்கு அனுப்பறதுக்கு ஒரு குடை இருந்துச்சு, புத்திதான் இல்லாமப் போச்சு'ன்னாங்க. நீயே கொண்டுபோய்க் குடுன்னு அனுப்பிட்டாங்க."

அந்த அம்மாளை நான் இன்னும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

அப்பா புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "டெலிவரி எடுத்துக்கிறியா தாயி, இல்ல திருப்பி அனுப்பவா?"

கையெழுத்துப் போட்டேன். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியதில் என் பெயர் எனக்கே புரியவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

விடியலிலேயே மழை. அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள், நிறுத்த முடியவில்லை. கேசரி கொஞ்சம் அடிப்பிடித்தது.

மாப்பிள்ளை வந்துவிட்டார். கத்தியும் வந்திருக்கிறது. வீட்டில் தனியாக விட மனசில்லாமல் காரியஸ்தர் எடுத்துவந்துவிட்டாராம். முன் வரிசையில் அதற்கு ஒரு நாற்காலி. யாரோ சந்தனம் கூட வைத்திருக்கிறார்கள். பெரியம்மா கத்திக்கு அடுத்த நாற்காலி. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "அந்தக் குடை எங்க கண்ணு?"

தாலி ஏறியது, அவர் கையால். முடிச்சு சரியாக விழவில்லை, அவர் அக்கா சரி செய்தார். நான் கண்ணை மூடவே இல்லை.

பந்தல் ஒழுகியது. சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போக ஒரே குடையில் இருவரும் நடந்தோம். தையல் டீச்சர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது நன்றாகக் கேட்டது: "பாத்தியா, தாலி கட்டி ஒரு நாழியாகல, அதுக்குள்ள பொண்டாட்டி கொடைக்குள்ள பூந்துட்டான்."

அவரைக் குறை சொல்லி ஊர் பேசிய முதல் வார்த்தை. கேட்டீங்களா என்றேன்.

"கேட்டதுங்க டீச்சர். மழை பேயுதுங்களே, வேற எங்கீங்க நிக்கறது?"