பாவைக்கு வந்த முகம்

கெனெமா

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் லான்சானா வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே நோய் தீர்க்கும் யாசி சங்கத்துப் பெண்கள் முன்னோர் பாவை ஒன்று கேட்டார்கள். மரத்தில் செதுக்கிக் கொடுத்ததும் தலைவி டென்னே உற்றுப் பார்த்தாள்.

"யாருடா இவ?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. "எங்கம்மா சாயல் வந்துடுச்சு."

"உசிரோட இருக்கறவள முன்னோராக்கிட்டியே! அம்மா ஞாபகம்னா ஊருக்குப் போய்ட்டு வாயேன்டா!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கன்னத்தை இழைத்தேன், காலமான பெரியம்மாவின் முகம் வந்தது. அவளும் யாசிக்காரிதானே! தலைவி மகிழ்ந்து, வழக்கப்படி பாவைக்குச் செம்பனை எண்ணெய் பூசினாள்.

கருவாடு கொஞ்சம் அனுப்பு. இந்தக் கடிதம் கொண்டுவரும் லாரி கிளம்பப் போகிறது. நீ நலமென்று டிரைவர் மோமோவிடமே சொல்லியனுப்பு, அம்மா. அவன் திரும்பும்போது சாலையில் நிற்பேன்.

உன் லான்சானா