ராத்திரி எத்தனை தடவை?

என் சாமு மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போவுது. ஆம்பூர் தோல் கம்பெனியில நீ நின்ன, தோல் பதப்படுத்தற டிரம்முகிட்ட, அதே நைட் ஷிப்டுல, நான் இன்னும் தோல் புரட்டிட்டுத்தான் இருக்கேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

போன வாரம் கம்பெனியில ஹெல்த் கேம்ப் போட்டாங்க. ஐம்பது தாண்டின நைட் ஷிப்ட் ஆம்பளைங்களுக்கு மட்டும். உன்னைக் கொண்டுபோச்சே, அந்த புரோஸ்டேட் கேன்சர், அதுக்காக. முதல்ல கேள்வி கேப்பாங்களாம், சந்தேகம்னா ரத்தம் எடுப்பாங்களாம். எனக்கு அவங்க மேலதான் சந்தேகம். இவ்ளோ நாள் இல்லாத அக்கறை திடீர்னு எங்கேருந்து வந்துச்சு? அரை டம்ளர் டீ ஊத்தற கேண்டீன்காரன் அன்னிக்குத் தளும்பத் தளும்ப ஊத்தறான். ஹெச்.ஆர். ஆபீசர் தோள்ல கைபோட்டுப் பேசறாரு. வயசான ஆளுங்களைக் கழிச்சுக்கட்டத்தான் இந்தக் கூத்துன்னு லைன்ல குசுகுசுன்னு பேசிக்கிட்டோம்.

என் முறை வந்தப்ப நர்ஸம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? நீ இருந்தப்ப எல்லாருக்கும் போட்ட பொது கேம்ப்ல உன்கிட்ட கேட்ட அதே கேள்விதான். “ராத்திரியில ஒண்ணுக்குப் போக எத்தனை தடவை எழுந்துக்கறீங்க?”

“ஒரு தடவையும் இல்லம்மா.”

“சரி, போலாம்.”

தப்பிச்சோம்டான்னு வீட்டுக்கு வந்து உன் தங்கச்சிகிட்ட பெருமையாச் சொன்னேன். மேரி என்னை மேலயும் கீழயும் பாத்தா.

“ராத்திரி நீ தூங்கினாத்தானே எழுந்துக்கறதுக்கு? பகல்ல படுத்தா பாத்ரூம் கதவு கிறீச் கிறீச்சுங்குதே, அது இன்னா பேயா?”

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. “எங்கண்ணனும் இதைத்தான் சொல்லிட்டு வந்திருக்கும்”னு அப்படியே உக்காந்துட்டா.

ஆமா மச்சான். என் முன்னாடிதான் நீயும் இல்லைன்ன. பொய்யா சொன்ன? விடிய விடிய டிரம்முகிட்ட நின்னவன் எங்கேருந்து எழுந்துக்கறது? அப்புறம் முதுகுவலி வந்தப்ப, ஈரத்தோல் தூக்கறதாலன்னு நெனச்சோம். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில பாத்தப்ப எலும்பு வரைக்கும் போய்டுச்சு.

அந்தக் கேள்வியை எழுதினது யாரு? ராத்திரி தூங்கறவங்க எழுதினதா, இல்ல நாங்க இல்லைன்னு சொல்வோம்னு தெரிஞ்சே எழுதினதா? சரியாக் கேட்டிருந்தா நீ பொழைச்சிருப்பியா? ஒண்ணும் தெரியல. அடிக்கடி போற எல்லாருக்கும் அந்த நோய் இருக்காதுன்னு எனக்கும் தெரியும். ஆனா பயமா இருக்கு மச்சான். ரிப்போர்ட் வந்தா முதல்ல யார் கைக்குப் போவும்? எனக்கா, ஹெச்.ஆருக்கா?

திங்கக்கிழமை மறுபடி கேம்ப். போறேன், இது உனக்கு நான் குடுக்கற வாக்கு. பகல்ல நாலஞ்சு தடவை எழுந்துக்கறேன்னு லைன்ல இருக்கறவங்க காதுல விழற மாதிரியே சொல்வேன். ரிப்போர்ட்டை என் கையில குடுங்கன்னு கேட்டு வாங்குவேன். கம்பெனியை இன்னும் நான் நம்பல. நம்பாம வீட்ல உக்காந்தா போறது என் உசுருதான்.

உன் பொட்டிமேல விழுந்து அழுதவளை இன்னொரு பொட்டிமேல அழவிடாம இருக்கப்பாக்கற,
உன் தங்கச்சி புருஷன்,
அருள்