மீன் வைக்கிற பெட்டியில் மருந்தா?

அம்மா,

இன்று காலை ஒருவர் தன் மனைவியின் இன்சுலின் பெட்டியை என் முன்னால் வைத்து, "இதே மருந்துதான் வேணும்மா" என்றார். சுங்கை காடுட் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வந்தவர். சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. அந்தப் பெட்டியின் மேல் மூன்று விரலால் இழுத்த திருநீறு இருந்தது. கற்பூர வாசனை வேறு.

"வீட்ல இத எங்கண்ணே வைக்கிறீங்க?"

"சாமி மேடையிலதான். வேற எங்கலா வைக்கிறது?"

அவர் முன்னால் அழக் கூடாதென்று உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என் ரஹாங் மருந்தகத்தைப் பற்றி நீ ஊரெல்லாம் பெருமை பேசுவாய். "எம் மக கடையில ஒரு மாத்திரை வாங்கணும்னாலும் நூறு கேள்வி கேக்கும்லா!" உண்மைதான். இன்சுலின் இருக்கும் குளிர்பெட்டியைக் காலையும் மாலையும் பார்த்து, எத்தனை டிகிரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. ஒருமுறை மின்சாரம் போய் எவ்வளவு நேரம் சூட்டில் இருந்ததென்று தெரியாததால், உள்ளே இருந்த அத்தனையையும் யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவிட்டேன். முதல் தடவை வாங்குகிறவர் யாரானாலும், எங்கே வைப்பது, எப்படிப் போடுவது என்று சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் மருந்தைக் கையில் கொடுப்பேன்.

உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. என் அம்மாவுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். மாதாமாதம் புக்கிட் பெலண்டோக்கில் தோட்டத்து ஓரம் இருந்த உன் வீட்டுக்கு ஐஸ் வைத்த பையில் மருந்து கொண்டு வருவேன். ஊசி போடும் விதத்தைக் காட்டினேன். "பத்திரமா வைம்மா" என்பேன். "வச்சிர்றேன், நீ மொதல்ல சாப்பிடு" என்பாய். அவ்வளவுதான். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று ரப்பர்ப் பால்மரம் சீவப் போனவள் நீ. பெட்டியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்ததை எப்படிப் படிப்பாய்? இதுகூட எனக்கு உறைக்கவில்லை.

சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. கால் புண் ஆறவில்லை. ஊசி போட்டாயா என்றால், போட்டேன் என்றாய். எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேலே வருமே! அன்றைக்கு உன் அடுப்படியில் புகுந்து டப்பா டப்பாவாகத் திறந்தேன். அலமாரி மேலே, துண்டுக்கு அடியில், தீபாவளிக்கு வாங்கிய பெரிய பிஸ்கட் டின் கிடைத்தது.

"இதென்னம்மா?"

"வர்றவங்களுக்கு வச்சிருக்கேன்லா. நான் தொடல."

"பொய் சொல்லாத. தொடாமத்தான் ஏழுல இருக்க வேண்டிய சர்க்கரை இருபதுக்கு ஏறுதா?"

"சத்தியமாம்மா. சாமி மேல சத்தியமா."

"சாமிய எதுக்கு இழுக்கிற?"

பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னாலேயே டின்னைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினேன். நீ நொண்டிக்கொண்டே வாசல் வரை வந்தாய். அழவில்லை. "பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னாய்.

அடுத்த மாதம் அந்தக் கால் புண் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் உனக்கு நினைவு தெளியவே இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்வதும் பொய். அப்போதும் நீ ஒளித்துச் சாப்பிட்டாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துக்க வீடென்று, நான் வருவதற்குள்ளேயே சாமி மேடையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து துடைப்பதற்காகத் துணியை எடுத்தேன். முருகன் படத்தின் காலடியில், விளக்குக்குப் பக்கத்தில், நான் கொண்டுவந்த இன்சுலின் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் திருநீறு, குங்குமம். விளக்குப் புகையில் ஓரமெல்லாம் கறுத்திருந்தது. தகரக் கூரையின் சூடும் விளக்கின் சூடும் மருந்தைக் கெடுத்திருக்கின்றன. அதைத்தான் நீ வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

பார்வதி அக்கா பின்னால் வந்து நின்றார். "மீன் வைக்கிற ஐஸ் பெட்டியில மருந்த வைக்கலாமான்னு கேக்கும் உங்கம்மா. மக கொண்டாந்தது, சாமி காலடியில இருந்தாத்தான் பத்திரம்னு சொல்லும்லா."

ஐயோ அம்மா! நான் சொன்னதைத்தானே செய்திருக்கிறாய்.

இன்று வந்தவருக்கு இருக்கிற மருந்தை இனிப் போட வேண்டாம் என்று சொல்லிப் புதியதைக் கொடுத்தேன். வாங்கியதும் சாமி காலடியில் ஒரு நிமிடம் காட்டுங்கள், விளக்கேற்றும் முன்பே எடுத்து மூடி போட்ட டப்பாவில் வைத்து, மீன் பக்கம் படாமல் பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், ஐஸ் அறையில் வேண்டாம் என்றேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். "என்னாம்மா, பரீட்சையா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். நீ கேட்டிருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

காரியம் முடிந்து வீடு திரும்பிய அன்றுதான் அந்த பிஸ்கட் டின்னைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மூடியைச் சுற்றி, கடையில் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. இன்னும் என் அடுப்படியில்தான் அந்த டின் இருக்கிறது. நானும் அதைப் பிரிக்கவில்லை, அம்மா.