உடன் வசிப்பவர்கள்

ஜூன் 15, ஞாயிறு

சபையின் வார்டு ஜெபக்கூட்டம் இன்று எங்கள் வீட்டில். செயலாளர் நான்தான். பதிவேட்டைப் பார்த்து வீட்டுத் தலைவர் பெயரை வாசிப்பேன். அந்த வீட்டில் யாராவது ஒருவர் ‘உண்டு’ என்றால் வீடு முழுவதற்கும் வருகை போட்டுவிடுவேன்.

முடிந்ததும் அப்பா ஒரு மனுவை எடுத்தார். நாட்டிலுள்ள அணுமின் நிலையங்களைப் படிப்படியாக மூட வேண்டும், புதிதாகக் கட்டக் கூடாது என்று. அடுத்த மாதம் வாசகசாலையில் இதைப் பற்றி விவாதம், அங்கே கொடுப்பதற்காம். எல்லோரும் தலையாட்டினார்கள். “மக்கா, பேரெல்லாம் நீயே எழுதீரு. உனக்க கையிலத்தானே எல்லாம் உண்டு?” என்றார் அப்பா.

அக்ஷயா இ-சேவை மையத்தில் நாளெல்லாம் அடுத்தவர் படிவத்தை நிரப்புகிற கை இது. பதிவேட்டைப் பார்த்து நாற்பத்தொரு வீட்டையும் மடமடவென்று எழுதிவிட்டேன். முதல் வீடு எங்களுடையது: அருமநாயகம், சிஜு, பின்சி.

ஜூன் 17

மழை. நாலு மணி முதல் கரண்ட் இல்லை. போனில் சொன்னேன். “மாமா சொல்லியது மாதிரி அணு நிலையத்த மூடுனா, பிறகு தினமும் இதுதான்” என்று சிரித்தார் என் கணவர் சிஜு. அணுமின் நிலையத்தில் ஒப்பந்ததாரரிடம் வெல்டர் அவர். வாரத்தில் ஒருநாள்தான் வீடு.

ஜூன் 26, வியாழன்

எதிர்பாராத நேரத்தில் சிஜு வந்து நின்றார். பையைக்கூட இறக்கவில்லை, போனை நீட்டினார். யாரோ மனுவைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். மேற்பார்வையாளர் அவரிடமே காட்டிக் கேட்டாராம். நிலையத்துக்குள் விடுகிற கேட் பாஸை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

“இது உனக்க எழுத்துதானே பின்சி?”

என் எழுத்துதான். எழுதும்போது உறைக்கவே இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். எனக்கு என்ன பைத்தியமா?

ஜூன் 27

இரவு சாப்பாட்டில் அப்பாவும் சிஜுவும் தொடங்கிவிட்டார்கள்.

“பத்தாயிரம் வருஷம் காவல் காக்கணும் அந்தக் கழிவை. யாரு காப்பா? நீயா?”

“நிலக்கரிப் புகையை மட்டும் யாரு மாமா குடிக்கியது? ராத்திரி சூரியன் உண்டா?”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அப்பா சொல்வதும் உண்மை, அவர் சொல்வதும் உண்மை. நீ என்ன நினைக்கிறாய் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்? தெரியவில்லை. என் பெயரையும் நான் என்னைக் கேட்காமல்தானே எழுதினேன்.

ஜூலை 2

ஒப்பந்ததாரர் ஒரு தாள் கொடுத்தனுப்பியிருக்கிறார். ‘நானோ என்னுடன் வசிக்கும் குடும்பத்தினரோ இத்தகைய மனுக்களில் பங்கெடுக்கவில்லை.’ கீழே சிஜுவின் கையெழுத்து, சாட்சியாக என் கையெழுத்து. பதினைந்தாம் தேதிக்குள்.

அவர் பெயரும் என் பெயரும் என் தப்பு, மனுவில் அடித்துவிடலாம். அப்பாவின் பெயரை என்ன செய்வது?

ஜூலை 3

கையெழுத்துப் போடவில்லை. தூங்கவுமில்லை.

ஜூலை 5, சனி

அப்பாவிடம் கேட்டேவிட்டேன். “பேர எடுத்திருங்கப்பா. எனக்காக.”

பால் விடாத கட்டஞ்சாயாவை ஆற்றிக் குடித்தார். “நான் நினைக்காததையா எழுதினே? உன் மாப்பிள்ள பேருதான் பொய்யி. என் பேரு மெய்யாக்கும்.” பிறகு அந்தத் தாளைக் கேட்டு வாங்கி இரண்டு முறை வாசித்தார். திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிடிவாதக்கார மனுஷன்! அம்மா எப்படித்தான் இவரோடு காலம் தள்ளினாளோ.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனைக்குப் போய்வந்ததும் அப்பா பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார்.

“என் பேர வெட்டு. ஆரியங்கோட்டுக்குப் போறேன், தம்பி வீட்டுக்கு. அங்க படுக்கியதுக்கு ஒரு முறி சும்மாதான் கெடக்கு.”

“எதுக்குப்பா?”

“உடன் வசிக்குன்னுதானே அந்தத் தாளுல எழுதியிருக்கு. நீ பொய்க்குச் சாட்சி நிக்காண்டாம்.”

சிஜு ஓடிவந்து பையைப் பிடித்துக்கொண்டார். “மாமா, வேலை போனா போட்டும். ஆரியங்கோட்டுக்கெல்லாம் போவாண்டாம்.” அப்பா அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார். வேட்டி நான்கு, கண்ணாடிக்கூடு, வேதப்புத்தகம். நான் தடுத்தேனா? வாயால் தடுத்தேன். கை பேனாவைத் தேடியது.

ஜூலை 7

கையெழுத்துப் போட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை இப்போது.

ஜூலை 13, ஞாயிறு

வாசகசாலை விவாதம். பின்வரிசையில் உட்கார்ந்தேன். அப்பா மனுவை வீடு வீடாகக் கொண்டுபோய் அவரவர் கையெழுத்தே வாங்கியிருக்கிறார். நாற்பத்தொரு வீட்டில் பதினேழு பேர்தான் போட்டார்களாம். வாசகசாலைச் செயலாளர் மோகனன் சிரித்துக்கொண்டே கேட்டார்: “அண்ணாச்சிக்க மருமகன் அங்கதானே வேல செய்யான்?”

“ஆமா. அவன் சோற ரெண்டு வருஷம் தின்னேன். நல்ல சோறு. அவனுக்கு வேற வேல காட்டாம மூடுனா அதுவும் அநியாயந்தான். இருந்தாலும் மூடணும்னுதான் சொல்லுதேன்.”

கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. முடிந்ததும் கிட்டப் போனேன். சட்டைக் காலர் அழுக்காக இருந்தது. “பஸ்ஸுக்கு நேரமாச்சு மக்கா” என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

சிஜுவுக்குப் பாஸ் வந்துவிட்டது, ஒரு வருஷத்துக்கு. வியாழனே வேலைக்குப் போய்விட்டார்.

ஜெபக்கூட்டம் சுகிர்தபாய் அக்கா வீட்டில். பதிவேட்டைப் பிரித்தேன். முதல் வரியில் நான் அடித்த கோடு. அதன் கீழே வீட்டுத் தலைவர் என்று நானே மாற்றி எழுதிய பெயர். “சிஜு” என்று வாசித்துவிட்டு, பழக்கத்தில் அப்பாவின் குரலுக்காகக் காத்திருந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“உண்டு” என்றேன். வருகையும் போட்டேன்.