கரைவலையில் கார்டியோ

சனிக்கிழமை, இரவு

வாப்பா இன்று மீன் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். காரணம் நான்.

ஓட்டம் மட்டும் போதாது, பாரம் தூக்குவது மட்டும் போதாது, இரண்டும் சேர வேண்டும் என்று ஜிம் மாஸ்டர் போன கிழமை சொன்னார். "கரைவலை இழுத்தா ரெண்டும் கிடைக்கும் மாஸ்டர்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். கடலில் விரித்த வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுத்தால் மூச்சும் வாங்கும், தோளும் இறுகும். வாப்பா இருபது வருடமாக இழுக்கிறார், எனக்குத் தெரியாதா?

இன்று காலை ஜிம்மிலிருந்து பதினைந்து பேர் கையுறை போட்டுக்கொண்டு கல்முனைக் கடற்கரைக்கு வந்தார்கள். வலை முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கயிறு பிடித்தவனுக்கு மீனில் பங்கு கொடுப்பது வழக்கம். இவர்களுக்குப் பங்கு வேண்டாம், வீடியோ போதும்.

"காக்கா, இண்டைக்கு ஆள் கூட. நீங்க ஊட்டுக்குப் போங்க" என்று வாப்பாவையும் இன்னும் ஆறு பேரையும் முதலாளி அனுப்பினார். வியர்ப்பதற்குக் காசு கட்டுகிறவன் வந்தால் வியர்த்துத் தின்கிறவன் விலக வேண்டும்.

நானும் அந்தக் கயிற்றில்தான் நின்றேன். விட்டுவிட்டு வரவில்லை. "சூப்பர்டா, விடாத, இழு!" என்று மாஸ்டர் கத்தினார். இழுத்தேன்.

இரவுச் சோற்றில் பருப்பு மட்டும். வாப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஒங்கட ஆக்கள் நாளைக்கும் வருவாங்களா மகன்?"

"தெரியா வாப்பா."

பொய். கரைவலை நாளை முதல் கிழமையில் நாலு நாள் என்று ஜிம் சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறது. எழுதியது நான். என் கையெழுத்து அழகாம்.