‘ஏலாது’ என்றால் நேரில்

இன்று காலை அலுவலகத்து அலுமாரியைத் துப்புரவாக்கியபோது மேல்தட்டில் உம்முடைய ஹெல்மெட் கிடந்தது. உள்ளே பஞ்சு உதிரத் தொடங்கிவிட்டது. முகர்ந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய், வியர்வை, கொஞ்சம் பெற்றோல். நீர் போனபிறகு மாரி வந்து, கோடை வந்து, மறுபடி மாரியும் வந்துவிட்டது. மணம் மட்டும் அப்படியே இருக்கிறது. காவலுக்கு நிற்பவரிடம் கொடுத்தேன். அவருடைய தலைக்குச் சிறிதாம். மேசைக்குக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நானில்லை. நான் எழுதுவது உமக்குத் தெரிந்திருந்தால் “என்னப்பா, உமக்கு விசரே?” என்று நீரே கேட்டிருப்பீர். ஆனால் இந்தக் கிழமை நடந்ததை வேறு யாரிடம் சொன்னாலும் முதலில் இருந்து விளக்க வேண்டும். உம்மிடமும் முதலில் இருந்துதான் சொல்லப்போகிறேன். வயது போனால் கதை அப்படித்தான் வருகிறது.

இருந்த வேலைகளை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மென்பொருள் கம்பனி தொடங்கியபோது திருகோணமலையில் யார் நம்பினார்கள்? இரும்புக்கடைக்கு மேல்மாடி. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம், மூடினால் புழுக்கம். நெல் ஆலைக்காரர், விடுதிக்காரர், மீனுக்கு ஐஸ் விற்பவர் என்று வந்தவர்களுக்கெல்லாம் கையிருப்பும் விற்பனையும் பார்க்கிற மென்பொருள் செய்துகொடுத்தோம். எழுதினது நான், ஆட்களோடு கதைத்தது நீர். எனக்கு ஆட்களைவிடக் கணினி இலேசு. இன்றைக்கும் அப்படித்தான்.

தொடங்கிய வருடமே தம்பலகாமத்து ஆலை முதலாளி ஒருவர், நெல் நிறுக்கும் தராசை எங்கள் மென்பொருளோடு இணைத்துத் தரச் சொன்னார். அறுவடைக்கு முன் வேண்டுமாம். அது எங்களால் முடியாது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் யார் வாய்திறந்து ஏலாது என்பது? கலியாணத்துக்கு வர விருப்பமில்லாதவனும் “பாப்பம்” என்றுதானே சொல்லுவான். நாங்களும் போனில் “பாப்பம் ஐயா” என்றோம். மனுசன் நம்பி இருந்துவிட்டார், வேறு ஆளைத் தேடவில்லை. அறுவடை வந்தது. நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் கண்டி வீதிவரை வரிசையில் நின்றன. நீர் ஸ்கூட்டியில் போய், ஆலைத் தூசுக்குள் நின்று, எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தீர். தலைமயிர் முழுக்க உமி. தேத்தண்ணி போட்டுத் தந்தேன், தொடவே இல்லை.

“இனி ஓம் எண்டால் மெசேஜ் போதும்,” என்றீர். “ஏலாது எண்டால் நேர போய்ச் சொல்லுவம். அவையள் ஏசுறதெண்டால் ஏசட்டும். ஏசுறதுக்கு முன்னால ஒரு ஆள் நிக்கோணும்.”

கம்பனிக்கு அதன்பிறகு எத்தனையோ விதிகள் வந்து போயின. எழுதி ஒட்டாத இது மட்டும் நின்றது. பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில், குச்சவெளி ஐஸ்காரருக்கு ஒரு ‘ஏலாது’ சொல்ல பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர் நீர். “ஒரு வசனம் சொல்ல இவ்வளவு தூரமே?” என்று நக்கலடித்தேன். போனவர் அங்கே மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு, கையில் ஒரு பை கருவாட்டோடு வந்தீர். அந்த ஐஸ்காரர் இன்றைக்கும் எங்களுடைய வாடிக்கையாளர்.

கடைசியில் உம்முடைய சொந்தக் கதையையும் அப்படித்தான் சொன்னீர். பரிசோதனை முடிவைப் போனில் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் மீன் வெட்டிக்கொண்டு இருக்கையில் குசினி வாசலில் வந்து நின்றீர்.

“எனக்கு இனி வேலைக்கு வர ஏலாதப்பா. மருந்தும் பெருசாச் சரிவராதாம்.”

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “இதைச் சொல்லவோ இந்த வெயிலுக்குள்ள வந்தனீர்?” என்று கத்தினேன்.

“ஏசும், ஏசும். அதுக்குத்தானே வந்தனான்,” என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தீர். ஏசி முடிந்ததும் இருவரும் சோறு சாப்பிட்டோம். குழம்பில் உப்புக் கூட என்று நீர் குறை சொன்னது நினைவிருக்கிறது.

நீர் போனபிறகு கொழும்பு முதலாளிகள் கம்பனியின் பெரும்பங்கை வாங்கினார்கள். தலைமைப் பதவியில் என்னையே வைத்திருக்கிறார்கள். இப்போது எனக்கு மேடைகளும் கிடைக்கின்றன. கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, மாற்றத்தைக் கண்டு பயப்படக்கூடாது என்று பேசுகிறேன். கை தட்டுகிறார்கள். எனக்கென்ன, மாற்றம் வருவது மற்றவர்களுடைய மேசைகளுக்குத்தானே. இத்தனை வருட வேலையில் நான் கண்டது ஒன்றுதான்: பதவி ஏற ஏற ஏலாது சொல்வது கூடுகிறது, முகம் பார்ப்பது குறைகிறது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் மெசேஜ் போய்விடும். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

இந்த மாதம், வாடிக்கையாளர்களுடைய போனுக்குப் பதில் சொல்லும் பிரிவை மூட முடிவெடுத்தேன். தமிழில் கேட்டாலும் சிங்களத்தில் கேட்டாலும் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்கிறது, நன்றாகவே சொல்கிறது. முடிவு சரியென்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்தப் பிரிவில் இருந்த மற்றவர்களுக்கு வேறு இடம் தேடிக்கொடுத்தாயிற்று. நஸ்ரினுக்குக் கிடைக்கவில்லை. கிண்ணியாவில் இருந்து நீர் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த அதே நஸ்ரின்தான். கணவனுக்குக் கடலில் முதுகு அடிபட்டபிறகு அந்த வீடு அவளுடைய சம்பளத்தில் ஓடுகிறது.

அவளுக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலைக் கொழும்பிலேயே எழுதி அனுப்பியிருந்தார்கள். நன்றி, பெருமை, புதிய பயணம், வாழ்த்துகள். திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்கு வேலை இல்லை என்று ஓரிடத்திலும் இல்லை. நாங்கள் அன்று சொன்ன “பாப்பம் ஐயா”வுக்குக் கோட்டும் சூட்டும் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. எரிச்சல் வந்தது. சனிக்கிழமை கிண்ணியாவுக்குப் போனேன்.

சும்மா பார்க்க வந்திருக்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். “வாங்க அக்கா, வாங்க!” என்று கதிரையைத் துடைத்தாள். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பிறகு சொன்னேன்.

“நஸ்ரின், உம்மை வேலையில வச்சிருக்க எனக்கு ஏலாது. அடுத்த மாதத்தோட முடியுது.”

“கொழும்பில சொல்லிட்டாங்களா?”

“இல்லை. முடிவெடுத்தது நான்.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “மெயில் போட்டிருந்தா உள்ளுக்குப் போய் அழுதிருப்பன். நேர வந்துட்டீங்க, கேக்கத்தான் போறன். நான் என்ன பிழை விட்டன்?”

“ஒண்டும் விடேல்லை.”

“அதுதான் அக்கா தாங்க ஏலாம இருக்கு. பிழை விட்டிருந்தா மனசு ஆறிரும்.”

எனக்குச் சொல்ல இன்னொன்றும் இருந்தது. கொழும்பு கேட்டது அது. வேலையை விட்டுப் போகமுதல் அவள் அந்த இயந்திரத்தோடு இருந்து, அது சொல்லும் பதில்களைத் திருத்திப் பழக்கிக் கொடுக்க வேண்டும். அதையும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. “என்ட இடத்தில இருக்கப்போறதுக்கு நானே படிப்பிச்சுக் குடுக்கவா? அதுக்கு எனக்கு ஏலாது. உங்கட முகத்துக்கு நேரதான் சொல்றன், ஏலாது. தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க.”

எனக்கு முன்னால் நின்று ஒருவர் ஏலாது சொல்லி எத்தனையோ காலம். கூச்சமாக இருந்தது. அவள்மேல் மதிப்பும் வந்தது. தேத்தண்ணியை முழுவதும் குடித்தேன்.

நடந்ததைக் கொழும்புக்கு அறிவித்தேன். பதில் மெசேஜில் வந்தது: பழக்கிக் கொடுக்க மறுத்தால் அவளுக்குச் சேரவேண்டிய நட்டஈட்டை நிறுத்திவையுங்கள், தானாக வருவாள். அதைச் செய்ய எனக்குக் கஷ்டமென்றால், செய்யக்கூடிய வேறு ஆளை என் இடத்துக்குப் பார்க்கலாமாம். வீடியோவில் வந்து கதைத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றும் போட்டிருந்தார்கள். “நாளை வருகிறேன்” என்று மட்டும் அனுப்பினேன். அது ‘ஓம்’ தானே, மெசேஜ் போதும்.

விடிய முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். அந்தக் காசில் கை வைக்க என்னால் ஏலாது என்று அவர்கள் இருக்கிற அறைக்குள் போய் நின்று சொல்லப்போகிறேன். பிறகு என் வேலையை அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. வீட்டுக்கடன் இருக்கிறது, வயதும் இருக்கிறது. பயமாக இருக்கிறது, ஒளிக்க என்ன இருக்கிறது?

நஸ்ரினுடைய கதவைத் தட்டப் போனபோது என் கை நடுங்கியது. நீர் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு போய், ஏதோ ஒரு பையோடு சிரித்துக்கொண்டு திரும்பி வந்தீர். அந்தக் கதவுகளுக்கு முன்னால் உமக்கும் நடுங்கியதா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. நடுங்கித்தான் இருக்கும். நடுங்கிக்கொண்டுதான் தட்டியிருப்பீர்.