மெய்காப்புப் படலம் செய்த கீரன் வழக்கில் தீர்ப்போலை

வாழ்க நீர்மருத நாடு. ஓங்குக கோமான் நெடுவேலர் செங்கோல்.

பனிக்குன்றக் கோட்டத்தின் அதிபதியும், மேலைக் கணவாய்களின் காவலரும், மறைந்த எம் மனையாள் மாறங்கண்ணியின் தமையனாருமாகிய இளங்கோடனாருக்கு, தலைநகர் மருதக்கோட்டையிலிருந்து மருத்துவ அமைச்சன் சேந்தன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் அருவிகள் வற்றாதிருக்க. தங்கள் தினைப்புனங்கள் கதிர் தாழ்ந்து நிற்க.

தங்கள் கோட்டத்து மருத்துவன் கீரன் செய்த மெய்காப்புப் படலத்தைத் தாங்கள் அறிவீர்கள். மீனின் காற்றுப்பையிலிருந்து உரித்த மெல்லிய தோலில் மூலிகைச் சாறு ஏற்றியிருக்கிறான். மணிக்கட்டில் ஒட்டினால் இன்னொரு தோல்போலப் படிந்து, வியர்வையையும் உடற்சூட்டையும் உணர்ந்து நிறம் காட்டும். மஞ்சளாயிருந்தால் நலம். காய்ச்சல் உள்ளே மூளும்போதே, தொட்டுப் பார்ப்பவர் கை அறியுமுன்னே, அது சிவக்கும்.

அதை அணிந்திருந்த இந்நகரத் தட்டார் தெருப் பெண் ஒருத்தி, பிள்ளை பெற்ற சில நாளில் சன்னி கண்டு வீழ்ந்தாள். படலமோ கடைசிவரை மஞ்சளாகவே இருந்தது. அவள் பிதற்றுவதைக் கேட்டு அண்டைவீட்டார் ஓடிவந்ததால் பிழைத்தாள். அவள் கணவன் கண்டன் அவையில் மார்பில் அறைந்துகொண்டு, தன் மனைவி நெருப்பாய்க் கொதிக்கையில் நலமென்று சொன்ன தோலைச் செய்தவனின் தோலை உரிக்க வேண்டாமா என்று கத்தினான். மருத்துவ அவையினர் படலங்களை எரிக்கவும், கீரனை ஓராண்டு சிறையிடவும் கேட்டனர். அதன்பொருட்டே அவன் தங்கள் கோட்டைக் காவலில் இருக்கிறான். முடிவு எம்மிடம் விடப்பட்டது.

பேறு பார்த்த மருத்துவச்சி நீலியை அழைத்து விசாரித்தோம். உச்சி முதல் உள்ளங்கால் வரை மஞ்சள் பூசியதாகச் சொன்னாள். படலத்தின் மேலுமா என்றோம். பெற்றவளுக்குப் பூசாமல் மஞ்சளை அமைச்சருக்கா பூசுவார்கள் என்று அவள் திருப்பிக் கேட்க, அவை சிரித்தது.

அவள் சொன்னபடியே பூசிக்கொண்டோம். இரு மணிக்கட்டிலும் படலம் ஒட்டி, ஒன்றின்மேல் மட்டும் மஞ்சள் அரைத்துப் பூசி, கொல்லன் உலைமுன் வியர்க்க வியர்க்க அமர்ந்தோம். பூசாத கையில் படலம் சிவந்தது. பூசிய கையில் அது மஞ்சளைக் குடித்து, நலம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. குன்றத்தில் பெற்றவளுக்கு வேப்பெண்ணெய் தடவுவதே வழக்கம். சமவெளியின் மஞ்சளைக் கீரன் எண்ணிப் பார்க்கவில்லை. பிழை அவ்வளவே.

தாங்கள் அவள் தமையனார். ஆகவே மறைக்காமல் எழுதுகிறோம். உயிரோடிருக்கும் மனைவிக்காக வழக்குரைத்த அந்தக் கண்டனைக் கண்டும் எமக்குப் பொறாமை மூண்டது. பிறகு கீரனின் விண்ணப்பம் வந்தது. மனைவிக்கு மாதம் நிறைந்துவிட்டதென்றும், அவள் கையில் படலம் உள்ளதென்றும், அதன் நிறம் பார்த்து அறிய வீட்டில் வேறொருவரும் இல்லையென்றும், எத்தண்டனையானாலும் பேறுகாலம் கழிந்தபின் தருக என்றும் எழுதியிருந்தான். படித்து முடித்ததும், ஓராண்டுச் சிறை என்று எழுதினோம். அவன் பிழைக்காக அன்று. அவனுக்கு மனைவி இருக்கிறாள் என்பதற்காக. அவ்வோலையை முறித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறோம்.

படலங்கள் எரிக்கப்படா. இனி அவை மஞ்சள் எட்டாதபடி செவியின் பின்புறம் ஒட்டப்படுக. மருத்துவச்சியர் அவ்விடத்தில் எதுவும் பூசாதிருக்க. கீரன் குற்றமற்றவன். நன்றி கூற அவன் எம்மிடம் வரவேண்டா. அவன் முகத்தைக் காணும் ஆற்றல் எமக்கு இன்னும் வரவில்லை.

தங்கள் தங்கை மறைந்த அன்று அவள் கையைப் பிடித்தபடிதான் அமர்ந்திருந்தோம். அவள் சிரித்துப் பேசினாள், நலமென்று நம்பினோம். பார்த்திருக்க யாம் இருந்தோம். உள்ளே மூண்ட காய்ச்சலைக் காட்டித்தர ஒன்றும் இல்லை. கீரன் மனைவிக்குக் காட்டித்தரப் படலம் இருக்கிறது. பார்க்க வேண்டியவன் தங்கள் சிறையில் இருக்கிறான்.

இது கோமான் திருவாணை. மருதமலர் இலச்சினை இட்டோம். அரக்கு ஆறுமுன் தூதன் புறப்படுகிறான். தங்கள் குதிரைகளில் விரைந்தோடுவதைக் கீரனுக்குக் கொடுத்து, ஓலை கண்ட பொழுதே கதவைத் திறந்துவிடுக.